நிலத்தை ஏன் விற்கிறார்கள்? ஓர் ஆறு ஏக்கரின் கணக்கு

போன மாத வகுப்பில் ஒரு தங்கை கேட்ட கேள்வியிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். "அண்ணே, நிலத்தைப் பூமாதேவின்னு சொல்றோம். திருக்குறள்ல உழவுக்குன்னு தனி அதிகாரமே இருக்கு. பொங்கலுக்கு மேடை போட்டு உழவர் பெருமை பேசுறோம். அப்புறம் ஏன் டெவலப்பர் வந்து கேட்டா நம்ம ஆளுங்க நிலத்தைத் தூக்கிக் கொடுத்துடறாங்க?"

உடனே ரெண்டு பதில் வந்தது. ஒருவர் "பேராசை" என்றார். இன்னொருவர் "விவரம் பத்தாது, ஏமாந்துடறாங்க" என்றார். அப்படியும் சிலர் இருக்கிறார்கள்தான். நான் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நில விற்பனைப் பத்திரங்கள் பார்க்கிற குமாஸ்தா. 11 வருஷமா இதே வேலை. கையெழுத்துப் போட வருகிற பெரியவர்களைத் தினம் பார்க்கிறேன். பேனாவை வாங்கிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. சில பேர் கிராண்டைக் கடைசியா ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்பாங்க. அவர்களில் பெரும்பாலோர் புரோக்கர் வீட்டுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே நிலத்தை இழக்க ஆரம்பித்துவிட்டவர்கள். அது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

உதாரணத்துக்கு எங்கள் குடும்பத்து நிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். கோலலங்காட் மாவட்டம், பந்திங் பக்கம், 6 ஏக்கர் செம்பனை. வீட்டுக் கதையை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுதுப்பா, ஆனா பேரைப் போடாதே" என்று சொல்லிவிட்டார்.

நிலம் நம் கைக்கு வந்த கதை

நிலம் விற்பது என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது பெரிய தோட்டங்கள்தான். பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம். புத்ராஜெயா, பெராங் பெசார் தோட்டம். அங்கே நிலம் கம்பெனியுடையது. நம்மவர்கள் மூன்று தலைமுறை உழைத்திருந்தாலும் விற்பதா வேண்டாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அது வேறு பாடம், அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். இன்றைக்கு நாம் பேசுவது கிராண்டில் சொந்தப் பேர் உள்ள சிறுதோட்டக்காரர்களைப் பற்றி. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிறவர்கள்.

அவர்களுக்கு நிலம் எப்படி வந்தது என்பதில் ஒரு முரண் இருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, நாடு சுதந்திரம் அடைந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய வியாபாரிகள் அதை வெட்டி வெட்டித் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் லயத்து வீடும் இழந்தார்கள். பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் இதைப் பற்றி ஓர் ஆய்வே நடந்தது. 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்தார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

அதே துண்டாடலில்தான், கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த கங்காணி, கிராணி, மளிகைக் கடைக்காரர், மாட்டுக்காரர் என்று சில தமிழர்கள் ஆளுக்கு அஞ்சு ஏக்கர் ஆறு ஏக்கர் வாங்கினார்கள். எங்கள் தாத்தா மாடு வளர்த்துப் பால் விற்றவர். மாட்டையெல்லாம் விற்று, பாட்டியின் சங்கிலியையும் விற்று, அந்த ஆறு ஏக்கரை வாங்கினார். அப்போது ரப்பர். பின்னால் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார். ஆக, ஒருத்தர் விற்றதால்தான் எங்களுக்கு நிலமே வந்தது. இதை மறந்துவிட்டு விற்கிறவர்களைத் துரோகி மாதிரி பேசக்கூடாது என்பது என் கருத்து.

மரமும் வயசும்

செம்பனைக்கு ஏறக்குறைய 25 வருஷம்தான் நல்ல காலம். அதற்குப் பிறகும் காய்க்கும். ஆனால் மரம் 40 அடி உயரம் போய்விடும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அந்த உயரத்தில் குலை வெட்ட ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி அதிகம். அப்போது மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்யணும். புது மரம் காய்க்க மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷமும் வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு.

பெரிய கம்பெனிக்கு இது பிரச்சினையே இல்லை. வருஷத்துக்கு ஒரு பகுதி என்று சுழற்சியில் மறுநடவு செய்வார்கள். மற்ற பகுதிகள் சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஆறு ஏக்கர்காரருக்கு எல்லா மரமும் ஒரே வயசு. எல்லாம் ஒன்றாகக் கிழமாகிறது. அந்த நேரத்தில் நட்டவருக்கும் 70 வயசு ஆகியிருக்கும். மூன்று வருஷம் காத்திருந்து, இன்னொரு 25 வருஷத்துக்கு மரம் நடு என்று 70 வயசுக்காரரிடம் யார் சொல்வது? பிள்ளைகள் ஷா ஆலாமில் பேக்டரி, கேஎல்-இல் ஆபீஸ், சிங்கப்பூரில் வேலை. புரோக்கர்கள் இதை நன்றாகத் தெரிந்தவர்கள். எந்த நிலத்தில் மரம் உயர்ந்து நிற்கிறதோ அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டே எந்த வீட்டில் ஆள் களைத்துப் போயிருக்கிறார் என்று மரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு பெர்மிட் எடுக்கும் அளவுக்கு ஆறு ஏக்கர்காரரிடம் வேலை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஓய்வு நாளில் வந்து வெட்டிக் கொடுத்தால்தான் உண்டு. 2020-இல் எல்லையை மூடியபோது அதுவும் போச்சு. எங்கள் நிலத்தில் பழம் அழுகித் தரையில் கிடந்ததை நானே பார்த்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம்

நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். வயசான மரம், ஏக்கருக்கு வருஷம் 6 டன் பழம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஏக்கருக்கு 36 டன். டன் 600 வெள்ளி என்றால் 21,600 வெள்ளி. வெட்டுக்கூலி, லோரி வாடகை, உரம், புல்லுக்கு மருந்து, கால்வாய் தூர்வாருதல், நில வரி எல்லாம் கழித்தால் 13,000 வெள்ளி மிஞ்சும். மாதம் ஏறக்குறைய 1,080. ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு மாதம் 216 வெள்ளி.

விலை ஏறினால்? ஏறும். 2018 கடைசியில் கச்சாப் பாமாயில் டன் 2,000 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. 2022 தொடக்கத்தில் 6,000-ஐத் தாண்டியது. அந்த வருஷம் முடியும் முன்னாலேயே 4,000 பக்கம் இறங்கிவிட்டது. அதோடு உர விலையும் சேர்ந்து ஏறியது. அந்த ஏற்றத்தை நம்பி யாரும் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிக்க முடியாது.

மறுபக்கம். புரோக்கர் வந்து ஏக்கர் 3 லட்சம் என்கிறார். ஆறு ஏக்கருக்கு 18 லட்சம் வெள்ளி. அதை பேங்கில் 3 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டால்கூட வருஷம் 54,000 வெள்ளி. வெயிலில் நிற்க வேண்டாம், உரம் போட வேண்டாம். நிலம் கொடுப்பது 13,000, அதாவது அதன் விலையில் நூற்றுக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "வேணாம், வச்சுக்கறோம்" என்று சொல்கிறவரைத்தான் நான் வியப்போடு பார்ப்பேன்.

டெவலப்பர் ஏன் அவ்வளவு கொடுக்கிறார்? அவர் செம்பனையை வாங்கவில்லை. 3 லட்சம் என்பது சதுர அடிக்கு 7 வெள்ளிக்கும் குறைவு. ஓர் ஏக்கரில் சாலை, கால்வாய், திடல் எல்லாம் போக ஒரு டஜன் மாடி வீடாவது வரும் என்றால், வீட்டுக்கு நிலச் செலவு 25,000 வெள்ளி. அந்த வீடு இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். முழுவதும் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசுக்கு பிரீமியம் கட்டணும், நகராண்மைக் கழகத்திடம் திட்ட அனுமதி வாங்கணும், ரோடு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவர் செலவு. ஆனால் அந்த அனுமதியை வாங்கும் பணமும் பொறுமையும் ஆள் பழக்கமும் அவரிடம் இருக்கிறது. விவசாயியிடம் இல்லை. நிலம் ஒன்றுதான். அனுமதி இல்லாதவன் கையில் ஒரு விலை, அனுமதி வாங்கத் தெரிந்தவன் கையில் வேறு விலை.

இதில் இளைஞர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளணும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு திட்டம் இருக்கும். மலாயில் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' என்பார்கள். எந்த நிலம் விவசாயம், எந்த நிலம் எதிர்காலத்தில் குடியிருப்பு என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டியிருக்கும். அது ரகசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோக்கர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். வீட்டுக்காரர் பார்ப்பதில்லை. கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் 1998-இல் திறந்ததும், பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டர் மேற்குக் கரை நெடுஞ்சாலை வந்ததும் எங்கள் பக்கத்து நிலங்களுக்கு என்ன செய்தது என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காபிக் கடைப் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

பக்கத்து நிலம்

முதலில் ஒருத்தர் விற்கிறார். வாங்கியவர் லோரி லோரியாக மண் கொட்டி நிலத்தை நாலடி உயர்த்துகிறார். எங்கள் பக்கம் தாழ்ந்த கடலோரப் பூமி. மழைத் தண்ணீர் முன்பு இரண்டு நிலத்திலும் பரவி மெதுவாக வடியும். இப்போது முழுவதும் நம் பக்கம் வருகிறது. செம்பனை வேர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றால் காய்ப்பு குறையும். ரெண்டு பக்கமும் விற்றுவிட்டால் நடுவில் இருக்கிறவருக்கு லோரி வரும் பாதையும் கேள்விக்குறி. புகார் செய்யலாம், வடிகால் இலாகாவுக்கு எழுதலாம். எழுதினோம். பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிடும் என்ற பயமும் உண்டு. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தி, பொருளாதார மேம்பாட்டுக்குப் பயன்படும் என்று மாநில அரசு கருதினால் தனியார் திட்டத்துக்கும் நிலம் எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். "இப்ப நல்ல விலைக்குக் கொடுங்க, இல்லேன்னா கவர்மெண்ட் எடுத்துக்கும்" என்று சில புரோக்கர்கள் வாய்கூசாமல் பேசுவார்கள். அப்படி எடுத்தாலும் சந்தை மதிப்பில் இழப்பீடு உண்டு, தொகை போதாது என்றால் உயர்நீதிமன்றம் வரை போகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிராண்டில் இறந்தவர் பெயர்

என் அனுபவத்தில் நிலம் கைமாறுவதற்கு மிகப் பெரிய காரணம் விலையும் இல்லை, மரமும் இல்லை. பங்குதான். இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் நடக்கப் போவது இது.

எங்கள் தாத்தா 1994-இல் காலமானார். உயில் எழுதவில்லை. "நான் போறதுக்குள்ள சொத்துப் பேச்சா?" என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் வீடுகளில் உயில் என்ற சொல்லே அபசகுனம். பாட்டி 2009-இல் போனார். கிராண்ட் தாத்தா பேரிலேயே அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் கிடந்தது. பிள்ளைகள் ஐந்து பேர்: பெரியப்பா, எங்கப்பா, அத்தை, சித்தப்பா, சின்ன அத்தை. 2014-இல் பெரியப்பாவும் தவறிவிட்டார்.

உயில் இல்லாத நம்மவர் சொத்து 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பிரியும். அதில் மகன், மகள் வித்தியாசம் கிடையாது. ("பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நிலம்" என்று பேசுகிற மாமாக்கள் கவனிக்கவும்.) அதன்படி எங்கள் நிலம் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு, 1.2 ஏக்கர். பெரியப்பாவின் 1.2 ஏக்கரில் மூன்றில் ஒன்று பெரியம்மாவுக்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கு. ஆக அந்த அண்ணன், அக்காக்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய கால் ஏக்கர். ஐந்து பேர் இப்போது எட்டுப் பேர். அடுத்த தலைமுறையில் இருபதைத் தாண்டும்.

சரி, பிரித்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். முடியாது. தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, துண்டு போட அனுமதி இல்லை. அதோடு ஒவ்வொரு துண்டுக்கும் பாதை இருக்கணும். பாதைக்கு விட்டால் துண்டு இன்னும் சுருங்கும். ஆகவே கால் ஏக்கர்காரருக்குத் தன் பங்கைக் கையில் எடுக்க இருக்கும் ஒரே வழி விற்பது. நிலம் பிரியாது, பணம் பிரியும். வீட்டுக் கடன் கட்டுகிற சித்தப்பாவை, பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்கிற சின்ன அத்தையை, மாதம் 216 வெள்ளிக்காகக் காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அங்கே நிலம் சங்கத்தின் பேரில். அங்கத்தினர் இறந்தால் பங்குதான் பிள்ளைக்குப் போகும், நிலம் வெட்டுப்படாது. எல்லா மரமும் ஒரே நேரத்தில் கிழமாவதும் இல்லை. சிறுதோட்டக்காரரை அழுத்துகிற இரண்டு கஷ்டத்துக்கும் அதில் பதில் இருந்தது. தனித்தனியாக நிலம் வாங்கிய எங்கள் தாத்தா போன்றவர்கள் அப்படி ஒன்று சேரவே இல்லை. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்திருந்தால் அறுபது ஏக்கர்.

இறந்தவர் பேரில் கிராண்ட் இருந்தால் இன்னொரு ஆபத்து, விலை இறங்கும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் சொன்ன விலை ஏக்கர் 2 லட்சம். "பேர் மாத்தாத நிலம், எட்டு பேர் கையெழுத்து, தலைவலி எனக்கு" என்றார். அவர் நீட்டிய தாளில் 10,000 வெள்ளி முன்பணம், 12 மாதத்துக்கு வேறு யாருக்கும் விற்கக்கூடாது, கூடவே ரத்து செய்ய முடியாத பவர் பத்திரம். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் கதை எங்கள் அலுவலகத்தில் நிறைய உண்டு. கூட்டு முயற்சி என்று சொல்லி, அந்தப் பவரை வைத்து நிலத்தை பேங்கில் அடமானம் வைப்பார்கள். திட்டம் நடுவில் நின்றால் நிலமும் இல்லை, வீடும் இல்லை, கிராண்டில் பேங்கின் பேர் மட்டும் இருக்கும். எங்கப்பா கையெழுத்துப் போடவில்லை. தைரியத்தால் இல்லை, மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பிறகு சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் 'பாரம் ஏ' நிரப்பி, மரணச் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் தேடி, எட்டுப் பேரையும் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய், பேர் மாற்றி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. முடிந்ததும் வேறொருவர் ஏக்கர் 3 லட்சத்துக்குக் கேட்டார். நிலம் அதே நிலம்தான்.

அத்தை சொன்னது

மூன்று குடும்பம் விற்கலாம் என்றது. எங்கப்பா ரெண்டு மனசாக இருந்தார். அத்தை மட்டும் முடியாது என்றார். அந்த நிலத்தில் இருபது வருஷமாகப் புல் வெட்டுவதும் கால்வாய் பார்ப்பதும் அவர்தான். ரோட்டோரம் முனீஸ்வரருக்கு ஒரு சின்னப் பீடம் உண்டு. தாத்தா நட்டு வைத்த சூலம். வெள்ளிக்கிழமை விளக்கு அத்தைதான் போடுவார்.

நான் அவரிடம் போய் மேலே உள்ள கணக்கையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீ சொல்ற கணக்கு சரிதான் தம்பி. அவங்களுக்குக் காசு வேணும், கொடுக்க வேண்டியதுதான். ஆனா எனக்கு அந்த நிலம் மாசம் 216 வெள்ளி இல்லப்பா. காலையில எழுந்தா போறதுக்கு ஓர் இடம். சாமியை எங்க கொண்டு போய் வைக்கிறது, உங்க கொண்டோமினியம் பால்கனியிலயா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நிலச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. எட்டுப் பேரும் சம்மதித்தால் நிலத்தை இரண்டு கிராண்டாகப் பிரிக்கலாம். அத்தை பங்கும் அப்பா பங்கும் சேர்த்தால் 2.4 ஏக்கர். அதை முனீஸ்வரர் இருக்கிற ரோட்டுப் பக்கமாக ஒதுக்கி, மீதியை விற்கலாம். வாங்க வந்தவர் முகம் சுளித்தார். ரோட்டு முகப்பு குறைந்தால் ஏக்கர் 2 லட்சத்து 70 ஆயிரம்தான் என்றார். மூன்று குடும்பத்துக்கும் நஷ்டம் வரக்கூடாது என்று அத்தையும் அப்பாவும் தங்கள் பங்கில் 0.4 ஏக்கரை விட்டுக் கொடுத்தார்கள். 4 ஏக்கர் 10 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் போனது. குடும்பத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஆறு ஏக்கரையும் முழுசாக விற்றிருந்தாலும் அவர்களுக்கு அதே தொகைதான் வந்திருக்கும். மிச்சம் 2 ஏக்கர், ரெண்டு பேர் பேரில். அளவையாளர் கட்டணம், நில அலுவலகம் எல்லாம் சேர்த்துப் பிரிக்க இன்னொரு ஒன்றரை வருஷம்.

எல்லாக் குடும்பத்துக்கும் இந்த வழி சரிப்படாது. நிலம் மிகச் சிறியதாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. ஒரே ஒருவர் நீதிமன்றம் போய், கூட்டுரிமையை முடித்து விற்றுக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. அத்தை வைத்திருக்கிற 2 ஏக்கரைச் சுற்றி இப்போது மண் கொட்டுகிறார்கள். பத்து வருஷத்தில் அவரும் விற்கலாம். விற்றால் நான்தான் பத்திரம் தயார் செய்வேன்.

அடுத்த வகுப்புக்கு வருவதற்குள் ஒரு வேலை. வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா யாரிடமாவது கேட்டு, கிராண்டின் நகல் ஒன்று எடுத்து வாருங்கள். வீட்டு கிராண்டாக இருந்தாலும் சரி. நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா என்று பாருங்கள். யார் பேரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பின்பக்கத்தில் அடமானமோ கேவியட்டோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நில வரி ரசீதையும் கேளுங்கள், மே 31-க்குள் கட்டியிருக்கணும். கொடுக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு ஏற்றிய பிறகு, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.